ஸ்குவையர் கிளாசிக் வைப் 60ஸ் ஃபிரெட்லெஸ் ஜாஸ் பேஸ்: மரம் சரி, வேலை பாக்கி

குறைந்த விலையில் ஃபிரெட்லெஸ் (விரல் பலகையில் ஃபிரெட் என்ற உலோகக் குறுக்குக் கம்பிகள் இல்லாத) பேஸ் கிட்டார் தேடுபவர்கள் பெரும்பாலும் பிக்கப் என்ன, உடல் என்ன மரம் என்றுதான் கேட்கிறார்கள். இந்த விலையில் அதற்கெல்லாம் பெரிய அர்த்தம் இல்லை. தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் நட் எவ்வளவு உயரத்தில் வெட்டியிருக்கிறது, கழுத்து எவ்வளவு நேராக நிற்கிறது, விரல் பலகையில் மேடு பள்ளம் உண்டா என்பவைதான் வாத்தியம் பேசுமா முனகுமா என்பதைத் தீர்மானிக்கும். ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையரின் கிளாசிக் வைப் ஃபிரெட்லெஸ்ஸைப் பற்றி ஒரே வரியில் சொல்வதென்றால், தச்சு வேலை விலைக்கு மேல் நன்றாக இருக்கிறது, ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வாசிக்கும் நிலையில் ஒன்று வருவது அதிர்ஷ்டம். செட்டப்புக்கும் (வாசிக்கத் தோதாக உயரம், வளைவு எல்லாம் சரிசெய்யும் வேலை) நல்ல ஒரு தந்தி செட்டுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

2019-இல் ஸ்குவையர் தன் வரிசையை மாற்றியமைத்தபோது வந்த மாடல் இது. பாப்லர் உடல், மேப்பிள் கழுத்து, இந்தியன் லாரல் விரல் பலகை, அதில் ஃபிரெட் இருக்க வேண்டிய இடங்களில் வெள்ளைக் கோடுகள். 34 அங்குல ஸ்கேல், நட் அகலம் ஒன்றரை அங்குலம், பலகையின் வளைவு 9.5 அங்குல ரேடியஸ். இரண்டு அல்னிகோ சிங்கிள் காயில் பிக்கப், இரண்டு வால்யூம், ஒரு டோன். பேட்டரி கிடையாது. ஒடிசலான ஜாஸ் பேஸ் கழுத்து என்பதால் சின்னக் கைக்காரர்களுக்கும் முதல் பொசிஷன் எட்டும். கழுத்தின் பின்புறம் பளபளப்பான பூச்சு, வியர்க்கும் கையில் ஒட்டும். சாம்பல் நிற நைலான் தேய்ப்பானால் நீளவாக்கில் லேசாகத் தேய்த்தால் வழுக்கல் வந்துவிடும். உயிர்போகிற குறை அல்ல.

லாரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் கருமருது. ரோஸ்வுட் மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் ஏறியபிறகு ரோஸ்வுட்டுக்குப் பதிலாகப் பல நிறுவனங்கள் பிடித்துக்கொண்ட மரங்களில் ஒன்று. ஃபிரெட் வைத்த கிட்டாரில் ரோஸ்வுட்டா லாரலா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் தந்தி தொடுவது உலோக ஃபிரெட்டைத்தான். ஃபிரெட்லெஸ்ஸில் தந்தி நேராக மரத்தைத் தொடுகிறது. மரம் மென்மையாக இருந்தால் ஒலி கொஞ்சம் உருண்டையாகும், நாதம் சீக்கிரம் அடங்கும், கரடான தந்தி போட்டால் மரம் தேயும். கருங்காலி அளவுக்கு லாரல் கெட்டியல்ல. இதற்கு முன் இருந்த விண்டேஜ் மாடிஃபைடு ஃபிரெட்லெஸ்ஸில் எபனால் என்ற செயற்கைப் பலகை இருந்தது. கருங்காலி மாதிரி தோற்றம், கண்ணாடி மாதிரி கடினம், எண்ணெயும் வேண்டாம் ஈரப்பதக் கவலையும் வேண்டாம். பளிச்சென்ற, நீண்டு பாடும் ஒலிதான் வேண்டும் என்பவர்கள் அந்தப் பழைய மாடல் இரண்டாம் கையில் கிடைத்தால் அதையே எடுக்கலாம். லாரலின் மரத்தொனி எங்களுக்குப் பிடித்திருக்கிறது. டபுள் பேஸ் பக்கம் சாய்ந்த ஒலி வேண்டுமென்றால் இதுதான் பொருத்தம்.

லாரல் பலகை வறண்டு வெளிறியிருந்தால் விரல் பலகை எண்ணெய் சில துளிகள் துணியில் விட்டுப் பூசி, ஐந்து நிமிடத்தில் முழுவதும் துடைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். ஊறவிடக் கூடாது.

இனி செட்டப். ஃபிரெட்லெஸ் என்பது ஃபிரெட்டைக் கழித்த சாதாரண பேஸ் அல்ல. ஃபிரெட்டின் உயரம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அது இல்லாதபோது நட்டும், உடல் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் அந்த அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். மலிவு விலை ஃபிரெட்லெஸ் எதுவாக இருந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இங்கேதான். ஃபிரெட் இருப்பதுபோலவே வெட்டிய நட்டோடு வாத்தியம் வந்திருந்தால் முதல் மூன்று கோடுகளில் அழுத்தினால் விரல் வலிக்கும், தந்தி இழுபட்டு சுருதி ஏறும். கோட்டின்மேல் சரியாக விரல் வைத்தும் ஸ்வரம் ஏறி நிற்கிறதே என்று தன் காதையே சந்தேகிப்பார்கள்.

வேலையை வரிசையாகச் செய்யுங்கள். முதலில் எந்தத் தந்தி போடப்போகிறீர்களோ அதைப் போட்டு சுருதி சேர்த்து ஒரு நாள் விடுங்கள். பிறகு கழுத்தின் வளைவு. முதல் கோட்டிலும் கடைசிக் கோட்டிலும் ஒரே நேரத்தில் தந்தியை அழுத்திப் பிடித்து, எட்டாவது கோட்டருகே தந்திக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் (அளவிட்ட மெல்லிய தகடுகளின் தொகுப்பு) பாருங்கள். 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. ஃபிரெட் உள்ள பேஸில் இதைவிடக் கூடுதல் வளைவு வைப்பார்கள், இங்கே கிட்டத்தட்ட நேர்கோடு வேண்டும். கழுத்துக்குள் இருந்து வளைவைக் கட்டுப்படுத்தும் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பாதீர்கள். திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி அளந்து பாருங்கள். ஆலன் கீ தளர்வாக இருந்தால் நிறுத்திவிட்டுச் சரியான அளவைத் தேடுங்கள். முனை மழுங்கிய ராடைச் சரிசெய்யும் கூலி வாத்தியத்தின் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

அடுத்து பிரிட்ஜ். பன்னிரண்டாவது கோட்டில் ஜி தந்தி 1.5, ஈ தந்தி 2 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். நடுவிலுள்ள இரண்டும் பலகையின் வளைவைப் பின்பற்ற வேண்டும், நாலையும் ஒரே மட்டத்தில் வைத்தால் ஏ-யும் டி-யும் பலகையில் இடிக்கும். இவ்வளவு இறக்கும்போது பிரிட்ஜில் தந்திகள் உட்காரும் சாடில்கள் பிரிட்ஜ் தகட்டிலேயே உட்கார்ந்துவிடலாம், அல்லது உயரத் திருகுகள் மேலே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் குத்தலாம். அப்போது கழுத்துக்குக் கீழே ஷிம் என்ற மெல்லிய துண்டு வைப்பதுதான் வழி. தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகையும் கழற்றி, கழுத்துப் பள்ளத்தின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் அரை மில்லிமீட்டர் தடிமன் துண்டு ஒன்றை வைத்து மறுபடி முடுக்கினால் கழுத்து பின்பக்கம் சாய்ந்து, சாடிலுக்கு ஏற இடம் கிடைக்கும். விசிட்டிங் கார்டு துண்டு தற்காலிகத்துக்குச் சரி. நீண்டகாலத்துக்குப் பள்ளம் முழுவதையும் நிரப்பும் சரிவான மர ஷிம் மேல், கழுத்தடியில் வெற்றிடம் விடாது.

உயரம் சார்ந்த வேலைகளில் நட்டைக் கடைசியாகத் தொடுங்கள், ஏனென்றால் வெட்டியதை ஒட்ட முடியாது. நட்டின் உள் விளிம்பில் தந்திக்கும் பலகைக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். தந்தியின் தடிமனுக்கேற்ற நட் அரம் வேண்டும். பள்ளம் தலைப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும், அதன் உச்சி பலகைப் பக்க விளிம்பில் இருக்க வேண்டும். தலைகீழாகச் சரிந்தால் திறந்த தந்தி மட்டும் கிணுகிணுக்கும், அதன் நீளமும் மாறிப்போகும். கை நடுங்குகிறவர்கள் இந்த ஒரு வேலையையாவது கிட்டார் டெக்னீஷியனிடம் கொடுங்கள், அப்போதும் 'இது ஃபிரெட்லெஸ், நட்டை முழுசாக இறக்குங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக இன்டனேஷன், அதாவது கழுத்து முழுவதும் ஸ்வரம் சுருதியில் நிற்கிறதா என்பது. பன்னிரண்டாவது கோட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிட வேண்டும். விரல் தடிமனானது, அளவுக்கு உதவாது. பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பைக் கோட்டின்மேல் நிறுத்தி மெல்ல அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்துங்கள். காதால்தானே வாசிக்கப் போகிறோம் என்று இதை விட்டுவிடுகிறார்கள். கோடு பொய் சொன்னால் கோடு போட்ட பலகை வாங்கியதற்கே பொருள் இல்லை.

இதெல்லாம் எதற்காக? ஃபிரெட்லெஸ்ஸை ஃபிரெட்லெஸ் ஆக்கும் அந்த 'ம்வா' என்ற ஒலிக்காகத்தான். மீட்டியதும் முதலில் மூடியிருந்து, பிறகு வாய் திறப்பதுபோல் மலரும் ஒலி அது. தந்தி அதிரும்போது விரலுக்கு முன்னால் உள்ள பலகையை நீளவாக்கில் லேசாக உரசுவதால் மேல்சுருதிகள் எழும்புகின்றன. தம்பூராவின் குதிரையில் நூலை நகர்த்தி ஜீவா வாங்குவதும் இதே கணக்குதான். ஆக்ஷன் (பலகையிலிருந்து தந்தி நிற்கும் உயரம்) அதிகமாக இருந்தாலோ கழுத்து அதிகமாக வளைந்திருந்தாலோ இந்த உரசல் நடக்காது, எவ்வளவு விலை உயர்ந்த பிக்கப் போட்டாலும் வராது. மலிவு ஃபிரெட்லெஸ் வாங்கிவிட்டு 'மொட்டையாக இருக்கிறது' என்று பிக்கப் மாற்றுபவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது அரைச்சுற்று டிரஸ் ராடும் ஒரு ஷிம்மும்தான்.

பலகை சீராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு தந்தியிலும் நட்டிலிருந்து கடைசிக் கோடுவரை விரலை எடுக்காமல் மிக மெதுவாக வழுக்கிக்கொண்டே போங்கள். ம்வா ஒரே அளவில் தொடர வேண்டும். திடீரென்று ஓரிடத்தில் ஒலி செத்து, கட்டையில் தட்டினதுபோல் கேட்டால் அதற்குச் சற்று முன்னால், பிரிட்ஜ் பக்கத்தில், மேடு இருக்கிறது. ஒன்றிரண்டு இடம் என்றால் 9.5 அங்குல ரேடியஸ் பிளாக்கில் 320 உப்புத்தாள் ஒட்டி, தந்திகளைக் கழற்றி, கழுத்தை நேராக்கி, நீளவாக்கில் சமன் செய்யலாம். பிறகு 600, 1000 என்று மெருகு. வெறும் விரலால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் மேடு பள்ளமாக மாறும், அவ்வளவுதான்.

தந்தி விஷயத்தில் எங்கள் பரிந்துரை தட்டையான நாடா சுற்றிய ஃபிளாட்வவுண்ட். இந்தப் பலகைக்கு அதுதான் நியாயம். டடாரியோ குரோம்ஸ் ஈசிபி81 செட் 45 முதல் 100 வரை (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்), ஃபிளாட்டுகளில் கொஞ்சம் பளிச்சென்றது, முதல் செட்டுக்கு நல்லது. லா பெல்லா 760எஃப்எஸ் 45-இலிருந்து 105, இழுவிசை கூடுதல், ஒலி கனம், கழுத்து கூடுதலாக வளையும் என்பதால் டிரஸ் ராடைத் திரும்பவும் பார்க்க வேண்டும். தோமாஸ்டிக் ஜேஎஃப்344 செட் 43 முதல் 100, விரலுக்கு நெகிழ்வு, பாடும் நடுத்தொனி, விலை மட்டும் வயிற்றைக் கலக்கும். கறுப்பு நைலான் சுற்றிய லா பெல்லா 760என் 60-இல் தொடங்கி 115-இல் முடிகிறது. நட் பள்ளங்களை அகலப்படுத்தாமல் அது உட்காராது, ஆகவே திரும்பப் போக மாட்டேன் என்று உறுதியான பிறகே போடுங்கள். ஃபிளாட்வவுண்டுக்கும், வட்டக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்டுக்கும் நடுவே, ரவுண்ட்வவுண்டைத் தேய்த்து மட்டமாக்கிய டடாரியோ ஈஎன்ஆர்71 இருக்கிறது. பளபளப்பும் வேண்டும், பலகையும் பிழைக்க வேண்டும் என்பவர்களுக்கு அது.

ஃபிளாட் தந்தியை மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. அதிகப்படி நீளத்தை வெட்டுவதற்கு முன், வெட்டும் இடத்துக்குச் சற்று உள்ளே தொண்ணூறு பாகையில் கூர்மையாக மடக்குங்கள். மடக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று உள்கம்பியை விட்டுத் தளர்ந்து, தந்தி புதிதிலேயே செத்துப்போகும்.

ரவுண்ட்வவுண்ட் போடவே கூடாதா? போடலாம். ம்வா அதில்தான் தூக்கலாக வரும். ஃபிரெட்லெஸ் பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸில் ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வவுண்ட்தான் போட்டார், அது மரத்தைத் தின்னாமலிருக்கப் படகுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பலகைமேல் பூசினார். பூச்சு இல்லாத லாரலில் போட்டால் டி, ஜி தந்திகளுக்கடியில் கீறல் விழுவதைத் தவிர்க்க முடியாது. வேகத்தைக் குறைக்கலாம். ஃபிரெட் கிட்டார்க்காரர்போலத் தந்தியைக் குறுக்கே இழுத்து அதிர்வு கொடுக்காமல், வயலின்காரர்போல விரலைத் தந்தியின் நீளவாக்கில் உருட்டுங்கள். பலகைக்கும் நல்லது, சுருதிக்கும் அதுதான் சரி.

பிக்கப்கள் நன்றாகவே இருக்கின்றன. சிங்கிள் காயில் என்பதால் ஒன்றை மட்டும் திறந்தால் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்கும், இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஒன்றையொன்று அடித்து அடங்கும். சிக்கல் என்னவென்றால் ஃபிரெட்லெஸ்ஸின் பாடும் ஒலி பிரிட்ஜ் பிக்கப்பில்தான் இருக்கிறது. பிரிட்ஜை முழுதாகத் திறந்து, கழுத்துப் பிக்கப்பைப் பாதிக்கு மேல் வைத்து, டோனை நடுவில் நிறுத்திப் பாருங்கள். இரைச்சலும் பெரிதாகத் தெரியாது, ஒலியும் முன்னே வரும். மீட்டும் கை பிரிட்ஜ் பிக்கப்பின் மேலேயே இருக்கட்டும். குழிக்குள் செப்பு டேப் ஒட்டினால் கரகரப்பு குறையும், ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வரும் ஹம் அதற்கு அடங்காது. அது பொறுக்கவில்லையென்றால்தான் ஹம் கேன்சலிங் பிக்கப்புக்குச் செலவு செய்யலாம். ஆம்ப்பில் அடித்தொனியைக் கூட்டாதீர்கள். 600 முதல் 900 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் தூக்கினால் போதும். கோரஸ் எஃபெக்ட் அழகுதான், ஆனால் அது சுருதிப் பிசகை மறைக்கும், பழகும் காலத்தில் அணைத்தே வையுங்கள்.

ஃபிரெட் பேஸிலிருந்து வருபவர்களுக்கு ஒரு கணக்கு. அங்கே விரலை ஃபிரெட்டுக்குப் பின்னால் வைப்பது பழக்கம். இங்கே விரல் நுனியின் நடுப்பகுதி கோட்டின்மேலேயே விழ வேண்டும். 34 அங்குல ஸ்கேலில் கோட்டுக்கு 5 மில்லிமீட்டர் பின்னால் வைத்தால் முதல் கோட்டில் சுமார் 10 சென்ட் இறங்கும், பன்னிரண்டில் 20, பத்தொன்பதில் 30. ஒரு அரைச்சுரம் 100 சென்ட். முதல் பொசிஷனில் மன்னிக்கப்படும் தவறு மேலே போனால் அபசுரமாகிவிடுவது இதனால்தான். பக்கவாட்டுப் புள்ளிகள் கோட்டின்மேல் இருக்கின்றனவா, இரு கோடுகளுக்கு நடுவிலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது மாடலுக்கு மாடல் மாறும். கோட்டை எட்டிப் பார்த்தே வாசித்தால் பார்க்கும் கோணம் ஏமாற்றும், கழுத்தும் வலிக்கும்.

பழகுவதற்கு டியூனரைவிடச் சுருதிப் பெட்டி நல்ல ஆசான். நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதி, சுருதி ஆப் ஏற்கனவே போனில் இருக்கும். டி-யில் சுருதியைப் போட்டு ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் மட்டும் நிறுத்தி வாசியுங்கள். இரண்டு ஒலியும் சேராதபோது வரும் அலையடிப்பு, சேரும்போது நின்றுவிடும். அதைக் கேட்கப் பழகுவதுதான் முழு வித்தை. காந்தாரத்தில் மட்டும் கவனம் தேவை. சுருதிக்குச் சுத்தமாகச் சேரும் அந்தர காந்தாரம் 386 சென்ட், கீபோர்டில் அதே ஸ்வரம் 400. தனியாகப் பழகும்போது இனிக்கும் காந்தாரம், கீபோர்டோடு சேரும்போது இறங்கினதாகக் கேட்கும். யாரோடு வாசிக்கிறோமோ அவரோடு சேர வேண்டியதுதான்.

மாற்று என்ன இருக்கிறது? ஐபனீஸ் எஸ்ஆர்எச்500எஃப் இன்னொரு வகை. உள்ளே பொள்ளலான உடல், பிரிட்ஜில் பீசோ பிக்கப் (காந்தமில்லாமல் அதிர்வையே மின்சாரமாக்குவது), 9 வோல்ட் பேட்டரி. ஒலி டபுள் பேஸ் பக்கம் நன்றாகவே சாய்கிறது, ஹம் கிடையாது, விலை கூடுதல். பாறை மாதிரி அழுத்தமான ராக் பேஸ் ஒலி அதிலிருந்து வராது.

கையிலிருக்கும் பழைய பேஸின் ஃபிரெட்டைப் பிடுங்குவது இன்னும் மலிவு. சால்டரிங் அயர்னால் ஃபிரெட்டைச் சூடாக்கி, முனை மட்டமாகச் செதுக்கிய குறட்டால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்ப வேண்டும். அவசரப்பட்டால் பலகை சில்லு சில்லாகப் பெயரும். காடி அரை மில்லிமீட்டர் சொச்சம் அகலம் இருக்கும். மேப்பிள் வெனீரைப் பசையோடு செருகி, காய்ந்தபின் வெட்டி, ரேடியஸ் பிளாக்கில் சமன் செய்யுங்கள். காடியை நிரப்பாமல் விட்டால் தந்தியின் இழுப்பில் கழுத்து முன்பக்கம் மடங்கும், டிரஸ் ராடு அதைத் தாங்காது. அதன்பிறகும் நட், ஷிம் என்று மேலே சொன்ன வேலையெல்லாம் அப்படியே பாக்கி நிற்கும். பலகைக்குச் சேதமில்லாத மலிவு பேஸ் கைவசம் இருந்தால் செய்யுங்கள். இதற்காகவே ஒன்றை வாங்கிப் பிடுங்குவதானால் கிளாசிக் வைப் வாங்குவதே லாபம்.

இரண்டாம் கையில் வாங்குகிறவர்கள் ஃபோட்டோவை நம்பாமல், பலகையைச் சாய்வெளிச்சத்தில் பிடித்துக் கீறலின் ஆழத்தைப் பாருங்கள். நகத்தில் சிக்காத கீறல் மெருகில் போய்விடும். நகம் நின்றுவிடும் ஆழமென்றால் சமன் செய்யும் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பலகையின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், மரம் உலர்ந்து சுருங்கியிருந்தால் கோடுகளின் முனை துருத்திக்கொண்டு நெருடும். தலைப்பக்கத்திலிருந்து பிரிட்ஜை நோக்கிக் கண்ணை ஓட்டி, கழுத்து முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வளைவுக்கு டிரஸ் ராடு உண்டு, முறுக்கலுக்கு மருந்தில்லை. டிரஸ் ராடு இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்பதை விற்பவர் கண்ணெதிரிலேயே கால் சுற்று திருப்பிச் சோதித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.